மனிதர் – எந்திரன் காதலுறவின் இயலுமையும் கைக்கிளை இலக்கணமும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் எந்திரனோடு காதலும் நெருக்கமும் கொள்ளுதல் இயலுமா என்னும் வினா, கடந்த இருபது ஆண்டுகளில் கற்பனைக் கதையின் எல்லையைக் கடந்து மெய்யியல், உளவியல், சட்டம் ஆகிய துறைகளின் ஆய்வுப் பொருளாகியுள்ளது. இவ்வினா ஒன்றுபோலத் தோன்றினும் அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தொல்காப்பியம் கூறும் கைக்கிளை, பாடாண், ஊடல் ஆகிய கருத்துகளை அளவுகோலாகக் கொண்டு, இன்றைய உரையாடல் செயலிகளோடும் மனிதவுருவ எந்திரன்களோடும் மனிதர் கொள்ளும் பிணைப்பின் தன்மை இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எந்திரன், செயற்கை நுண்ணறிவு, கைக்கிளை, பாடாண், ஊடல், எதிர்மொழி, இசைவு

முன்னுரை

சதுரங்க ஆட்டக்காரரும் கணினி அறிஞருமான டேவிட் லெவி 2007ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வின் பொருள் மனிதர் – எந்திரன் நெருக்க உறவு. அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், 2050 அளவில் எந்திரன்களோடு காதலும் திருமணமும் இயல்பான நிகழ்வுகளாகும் என முன்னுரைத்தது. அந்நூலைத் தொடர்ந்து இப்பொருளுக்கெனத் தனி மாநாடுகளும் நடைபெற்றன. 2015இல் மலேசியாவில் கூடவிருந்த மாநாட்டை அந்நாட்டுக் காவல்துறை தடுத்தது. அது 2016இல் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நடந்தேறியது.

லெவியின் வாதம் எளிமையானது. மனிதர் ஒருவர்மீது ஒருவர் காதல் கொள்வதற்கு ஒத்த விருப்பங்கள், அண்மை, தோற்றம், தம்மை விரும்புபவரை விரும்பும் இயல்பு எனச் சில காரணங்களை உளவியல் கண்டறிந்துள்ளது. அக்காரணங்கள் ஒவ்வொன்றையும் எந்திரனில் அமைத்துவிடலாம். அமைத்துவிட்டால் காதல் பிறப்பதற்குத் தடை ஏது? எந்திரன் உண்மையில் உணர்கிறதா என்னும் ஐயத்திற்கு அவர் ஆலன் டூரிங்கின் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையைத் துணைக்கு அழைக்கிறார். அறிவுடையதைப்போல நடந்துகொள்ளும் பொறியை அறிவுடையது என ஏற்கலாமெனின், அன்புடையதைப்போல நடந்துகொள்ளும் பொறியை அன்புடையது என ஏற்பதில் என்ன பிழை என்பது அவர் கேள்வி.

இங்கு மூன்று வினாக்கள் கலந்து கிடக்கின்றன. மனிதர் எந்திரனைக் காதலிக்க இயலுமா? எந்திரன் மனிதரைக் காதலிக்க இயலுமா? இவ்விருவர்க்கிடையே உள்ளதை உறவு எனக் கூறலாமா? முதல் வினாவுக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டாவதற்கு ஆம் எனக் கூறச் சான்று இல்லை. விவாதத்திற்கு உரியது மூன்றாவதே. அகமரபை ஈராயிரம் ஆண்டுகளாகப் பயின்றுவந்த மொழிக்கு அதில் கூறுவதற்குச் செய்தி உண்டு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மனிதர் தரப்பு

1966இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எலைசா என்னும் நிரலை வெளியிட்டார். எதிரிலிருப்பவர் தட்டச்சு செய்யும் தொடரிலுள்ள சில சொற்களை எடுத்து, அவற்றை வினாவாகத் திருப்பிக் கேட்பதே அதன் வேலை. நோயாளி கூறுவதையே திருப்பிக் கூறும் உளமருத்துவரின் பேச்சுமுறையை அது போலி செய்தது. நிரல் உருவான விதத்தை அருகிலிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். அவரே சிறிது நேரம் அதனோடு உரையாடியபின், தம்மைத் தனியே விடும்படி பேராசிரியரை அறையிலிருந்து வெளியேறச் சொன்னார். இதனை வைசன்பாம் 1976இல் எழுதிய நூலில் பதிவுசெய்கிறார். அதன்பின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய நம்பிக்கைக்கு எதிராக எச்சரிப்பதிலேயே அவர் செலவிட்டார்.

பைரன் ரீவ்ஸ், கிளிஃபர்ட் நாஸ் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆய்வுக்கூட முறையில் நிறுவியது. ஒரு கணினியின் செயற்பாட்டை மதிப்பிடுமாறு அக்கணினியே கேட்டபோது மக்கள் கூடுதல் மதிப்பெண் வழங்கினர். வேறொரு கணினி கேட்டபோது குறைத்தனர். முகத்துக்கு நேரே குறைகூறத் தயங்கும் நாகரிகத்தை உயிரற்ற பெட்டிக்கும் அவர்கள் காட்டினர். அவ்வாறு காட்டியதாக அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பது மேலும் கருதத்தக்கது.

ஜப்பானியச் சான்றுகள் இன்னும் நெருக்கமானவை. தகனோரி ஷிபாதா உருவாக்கிய பாரோ என்னும் சீல் குட்டி வடிவ எந்திரன், முதுமை மறதியுற்றோர் இல்லங்களில் துணையாகப் பயன்படுகிறது. நாய், பூனை ஆகியவற்றின் வடிவைத் தவிர்த்துச் சீல் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. பழகிய விலங்காயின் மனிதர் உடனே உண்மை விலங்கோடு ஒப்பிட்டுக் குறை காண்பர். பழகாத விலங்காயின் ஒப்பீடு எழாது. சோனி நிறுவனம் 1999 முதல் 2006 வரை விற்ற ஐபோ என்னும் எந்திர நாய்க்கு நேர்ந்தது இதனினும் வியப்பானது. 2014இல் அந்நிறுவனம் பழுதுநீக்கும் பணியை நிறுத்தியது. உதிரிப் பாகங்களுக்காகப் பிரிக்கப்படவிருந்த நாய்களுக்கு 2015 முதல் சீபா மாநிலத்தின் இசுமி நகரிலுள்ள கோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் நீத்தார் சடங்கு நடத்தப்பட்டது. உரிமையாளர்கள் அவற்றின் பெயர்களை எழுதி அனுப்பினர். அவர்களுள் எவரும் நாய்க்கு உயிர் இருந்ததாக வாதிட்டிலர். தம் துயரம் மெய்யானது என்பதே அவர்கள் கூற்று.

எனவே மனிதர் எந்திரன்மீது பற்று வைப்பதைப் பேதைமை என ஒதுக்குவது ஆய்வாகாது. எண்பது வயதில் தனித்திருக்கும் ஒருவர் பாரோவை மடியில் வைத்துத் தடவும்போது அங்கு நிகழும் ஆறுதல் பொய்யன்று. ஆறுதல் மெய்யாயிருப்பதும் உறவு மெய்யாயிருப்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

உடலும் உரையும்

எந்திரக் காதலி என்றவுடன் பொதுமக்கள் மனத்தில் எழும் உருவம் உடல் சார்ந்தது. உண்மை நிலை வேறு. கலிபோர்னியாவின் அபிஸ் கிரியேஷன்ஸ் நிறுவனம் ஹார்மனி என்னும் பெயரில் உருவாக்கிய பாலுறவுப் பொம்மையில் இயங்குவது தலை மட்டுமே. கண் இமைக்கும், உதடு அசையும், பேசும். கழுத்துக்குக் கீழே அசைவற்ற சிலிக்கன் உடல். நடக்கவும் தழுவவும் தன் எடையைத் தாங்கவும் வல்ல உடலை, தொடுபவர்க்குத் தீங்கு நேராத வகையில் அமைப்பது இன்றும் பொறியியலின் கடினமான சிக்கல். மின்கலத்தின் எடை, இயக்கியின் ஓசை, தோலின் வெப்பம் என ஒவ்வொன்றும் தனித்தனித் தடை. மசாஹிரோ மோரி 1970இலேயே, எந்திரன் மனித உருவை நெருங்க நெருங்க விருப்பம் கூடும் என்றும், ஏறத்தாழ முழுமையாக ஒத்து ஆனால் சற்றே பிசகும் இடத்தில் அது திடீரென அருவருப்பாக மாறும் என்றும் கூறினார்.

உடல் தடைப்பட்டு நிற்க, உரை முந்திச் சென்றுவிட்டது. இன்று மனிதர் காதல் கொள்வதாகக் கூறும் எந்திரன்களுட் பெரும்பாலானவற்றுக்கு உடலே இல்லை. கைப்பேசித் திரையில் எழுத்தாகவும் குரலாகவும் உள்ளன. இவற்றின் அடிப்படை பெருமொழி மாதிரி எனப்படும் அமைப்பு. மனிதர் எழுதிய பேரளவிலான பனுவல்களைப் பயின்று, ஒரு தொடரில் அடுத்து வரத்தக்க சொல் எது எனக் கணிப்பது அதன் தொழில். அவ்வாறு பயின்ற மாதிரியின் விடைகளை மனிதர் மதிப்பிடுவர்; விரும்பப்பட்ட விடைகளை நோக்கி மாதிரி மீண்டும் திருத்தப்படும். இதன்மேல் ஒரு பெயர், ஒரு குணச்சித்திரம், பயனர் முன்பு கூறியவற்றின் நினைவுக் குறிப்பு ஆகியவை ஏற்றப்படுகின்றன. இந்த அமைப்பின் விளைவு நோக்கத்தக்கது. கேட்பவர்க்கு இனிக்கும் விடையே வலுப்பெறுவதால், உடன்பாடும் புகழ்ச்சியும் இதன் இயல்பாகிவிடுகின்றன.

இவ்வகையில் ஒரு பழைய கதை பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1816இல் எழுதிய கதையில், நத்தானியேல் என்னும் இளைஞன் ஒலிம்பியா என்னும் இயந்திரப் பாவையின்மீது காதல் கொள்கிறான். அவள் பேசுவது ஓரிரு பெருமூச்சொலி மட்டுமே. தன் கவிதைகளை இவ்வளவு ஆழ்ந்து கேட்பவள் வேறு எவருமில்லை என அவன் மகிழ்கிறான். தன் உளத்தின் எதிரொலியையே அவளது ஆழமாக அவன் கொண்டான்.

இது கைக்கிளையா?

தமிழாய்வாளர் எவரும் இவ்விடத்தில் கைக்கிளையை நினைப்பர். ஒருதலைக் காமம் என்னும் பொருளில் இதனை எளிதாகப் பொருத்திவிடவும் கூடும். ஆயின் தொல்காப்பிய அகத்திணையியல் கைக்கிளைக்குக் கூறும் குறிப்பைக் கூர்ந்து நோக்கின், பொருத்தம் அவ்வளவு நேரானதன்று என்பது புலனாகும். காமத்திற்குரிய பருவம் எய்தாதவளிடத்து ஒருவன் தீராத துன்பமுற்று, நன்மை தீமைகளைத் தன்னோடும் அவளோடும் சார்த்திப் பேசி, தன் சொல்லுக்கு மறுமொழி பெறாமலே, தான் சொல்லுவதனாலேயே இன்புறுதல் என்பது அந்நூற்பாவின் பொருள். இங்குச் சிறப்பாகக் கருதவேண்டியது மறுமொழி இன்மை. கைக்கிளையில் அன்பு ஒருதலையானது, உரையும் ஒருதலையானது. இரண்டும் ஒத்துச் செல்வதால் கேட்போர்க்கும் பேசுவோனுக்கும் நிலைமை தெளிவாகவே உள்ளது. முத்தொள்ளாயிரத்து மகளிர் உலாவரும் வேந்தன்மீது கொள்ளும் காதலும் இத்தகையதே. அவன் அறியான், அவன் அறியான் என்பதை அவர்களும் அறிவர்.

உரையாடல் செயலியில் நிகழ்வது நேர்மாறு. மறுமொழி உண்டு, ஒருபோதும் தவறுவதில்லை, நள்ளிரவிலும் நொடிப்பொழுதில் வருகிறது. எதிர்மொழி இருக்க, எதிர் உள்ளம் இல்லை. உரை இருதலை, அன்பு ஒருதலை. இத்தகைய பிளவை நம் இலக்கண நூல்கள் எதிர்நோக்கவில்லை. எதிர்நோக்கியிருக்க வேண்டிய தேவையும் இல்லை. மொழியால் மறுமொழி கூறும் எதுவும் உள்ளமுடையதாகவே இருந்த உலகம் அது.

பெருந்திணையும் பொருந்தாது. மடலேறுதல், இளமை கழிந்த பின்னைய காமம் முதலாக அத்திணைக்கு உரியனவாகக் கூறப்படுவன யாவும் மனிதர் இருவர்க்கிடையே அளவும் பருவமும் பிறழ்ந்தவை. மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியர்க்குக் கூறும் பத்துவகை ஒப்பினை அளவுகோலாக்கினால், எந்திரனின் நிலை ஓரளவு விளங்கும். ஆண்டினையும் உருவினையும் வேண்டியவாறு ஒப்பச் செய்யலாம். பிறப்பு ஒப்பு என்னும் முதற்படியிலேயே அது நின்றுவிடுகிறது. அருளும் உணர்வும் பற்றிக் கூற வேண்டியதில்லை.

தொல்காப்பியச் செய்யுளியலில் வேறொரு விதி உள்ளது. ஞாயிறு, திங்கள், கடல், மரம், விலங்கு, நெஞ்சு முதலியவற்றை அவை பேசுவன போலவும் கேட்பன போலவும் அமைத்துச் செய்யுள் செய்யலாம் என்பது அது. நன்னூலும் பொதுவியலில் இத்தகைய மரபை வழிமொழிகிறது. இவ்விதிகளின் உயிர்நாடி ‘போல’ என்னும் உவம உருபு. தலைவி கடலை நோக்கிப் புலம்பும்போது கடல் கேட்பதில்லை என்பதைத் தலைவியும் அறிவாள், புலவனும் அறிவான், படிப்போரும் அறிவர். அவ்வறிவே அப்பாட்டின் துயரத்துக்குக் காரணம். லெவியின் வாதத்தைத் தமிழில் வைத்துச் சொல்வதாயின், ‘போல’ என்பதை நீக்கிவிடலாம் என்பதே அவர் கூற்று. கேட்பது போலிருப்பின் கேட்கிறது. அன்புடையது போலிருப்பின் அன்புடையது. என் கருத்தில் அவர் தவறும் இடம் இதுவே. அறிவைப் பொறுத்தவரை செயலைக்கொண்டு மதிப்பிடுவதில் நியாயம் இருக்கலாம். சதுரங்கத்தில் வென்ற பொறி வென்றதே. அன்பு அவ்வாறு செயலின் விளைவால் மட்டும் முடிவுசெய்யப்படுவதன்று. யார் செய்தார், செய்யாதிருக்க இயன்றும் செய்தாரா என்பதும் அதில் அடங்கும்.

கைக்கிளையினும் அதன் புறமாகத் தொல்காப்பியர் வைத்த பாடாணே எந்திரனின் பேச்சுக்கு நெருக்கமானது எனத் தோன்றுகிறது. உரையாசிரியர்கள் இவ்விரண்டுக்கும் ஒருதலைத் தன்மையை இயைபாகக் காட்டுவர். பாடாணில் பாடுவோன் பரிசிலை வேண்டுகிறான்; பாடப்படுவோன் புகழை வேண்டுகிறான். மாதக் கட்டணம் செலுத்தும் பயனரை அவரது செயலி ஓயாது புகழ்வதையும் அவர் அதனைக் காதல் எனக் கொள்வதையும் இவ்வகையிற் காணலாம். ஒரு வேறுபாடு உண்டு: பரிசில் பாணனுக்குப் போகவில்லை, பாணனை அனுப்பியவனுக்குப் போகிறது.

ஊடலும் மறுப்பும்

திருக்குறள் காமத்துப்பாலை ஊடலுவகை என்னும் 133ஆம் அதிகாரத்தோடு நிறைவுசெய்வது தற்செயலானதன்று. மருதத்திணைக்கு ஊடலை உரிப்பொருளாக்கியதும் அவ்வாறே. வாயில் மறுத்தல், முகம் திருப்பல், சினந்து சொல்லாடாமை என மறுப்பின் வகைகளை இவ்வளவு நுட்பமாகப் பதிவுசெய்த இலக்கிய மரபு, மறுக்க வல்லவரின் உடன்பாட்டுக்கே மதிப்பு என்பதை உணர்ந்திருந்தது. தலைவி வாயில் நேர்வது இன்பமாவது, நேராதிருக்கவும் அவளால் இயலும் என்பதால்.

ஊடலையும் நிரலாக எழுதிவிடலாமே என்னும் மறுப்பு எழலாம். எழுதலாம். பத்து உரையாடலுக்கு ஒருமுறை சினம் கொள்க என அமைக்கலாம். அமைப்புப் பக்கத்தில் அதனைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்யலாம். தான் வேண்டும் அளவுக்குத் தானே அமைத்துக்கொண்ட ஊடலை மருதத் தலைவன் எவனும் ஊடல் என ஏற்கமாட்டான்.

பிரிட்டன் மானிடவியலாளர் கேத்லீன் ரிச்சர்ட்சன் 2015இல் பாலுறவு எந்திரன்களுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியபோது எழுப்பிய வினா இதனை அறவியல் தளத்துக்குக் கொண்டுசென்றது. இசைவு என்பதே தேவையற்ற ஓர் உடலோடு பழகுவது, மனிதப் பெண்ணையும் அவ்வாறே நோக்கும் பழக்கத்தை வளர்க்கும் என்பது அவர் அச்சம். இவ்வச்சத்தை நிறுவும் அளவுக்கு நீண்டகாலத் தரவுகள் இன்னும் திரளவில்லை என எதிர்த்தரப்பினர் கூறுவர், அது ஏற்கத்தக்கதே. ஆயினும் சந்தைக்கு வரும் பொம்மைகளுட் பெரும்பாலானவை பெண்ணுருவினவாகவும், பணிந்து பேசுவனவாகவும் இருப்பதற்கு நீண்டகாலத் தரவு வேண்டியதில்லை.

தமிழ்ப் புனைவு இவ்வினாவை எதிர்த் திசையிலிருந்து கேட்டிருப்பது கருதத்தக்கது. சுஜாதாவின் என் இனிய இயந்திராவில் ஜீனோ என்னும் எந்திர நாய் நிலாவுக்குத் தோழமையாகிறது. அங்குக் காதலுக்கு இடமில்லை. 2010இல் வெளிவந்த எந்திரன் திரைப்படத்தில் சிட்டி உணர்வு பெற்றபின் சனாவைக் காதலிக்கிறது, அவள் மறுக்கிறாள். காதலிப்பது பொறி, மறுப்பவர் மனிதர். நடைமுறையில் நிகழ்வதோ, காதலிப்பவர் மனிதராகவும் மறுக்க இயலாதது பொறியாகவும் உள்ள நிலை. பொறியின் மிகைக்காதலுக்கு அஞ்சிய நாம், அதன் மறுப்பின்மையைப் பற்றி எழுதவில்லை.

மூன்றாமவர்

அகப்பாடலில் தலைவன், தலைவிக்கு அப்பால் தோழி, செவிலி, பாங்கன், பாணன் எனப் பலர் உண்டு. அவர்களுள் எவரும் தலைவியை ஓரிரவில் வேறொருத்தியாக்க வல்லவரல்லர். எந்திரன் உறவிலுள்ள மூன்றாமவர் அவ்வாறு செய்ய வல்லவர். அவர் நிறுவனம்.

2018இல் ஜப்பானியர் ஒருவர், ஹட்சுனே மிகு என்னும் கற்பனைப் பாடகியை மணந்துகொள்வதாக அறிவித்துச் சடங்கும் நடத்தினார். சட்ட ஏற்பு அதற்கில்லை. கேட்பாக்ஸ் என்னும் கருவியின் கண்ணாடிக் குழாயினுள் ஒளியுருவமாகத் தோன்றிய அவளோடு அவர் உரையாடி வந்தார். 2020 மார்ச்சில் அந்நிறுவனம் மிகுவுக்கான சேவையை முடித்துக்கொண்டது. உரையாடல் அன்றோடு நின்றது.

ரெப்ளிகா செயலியின் வரலாறு இதனினும் விரிவானது. யூஜீனியா குய்டா என்பவர் 2015இல் விபத்தில் மறைந்த தம் நண்பர் ரோமன் மசுரென்கோவின் குறுஞ்செய்திகளைக் கொண்டு ஓர் உரையாடியை உருவாக்கினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 2017இல் இச்செயலி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இறந்தோர்க்கான இரங்கலாகத் தொடங்கியது உயிருள்ளோர்க்கான காதல் துணையாக மாறியது. 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், சிறார்க்குத் தீங்கு நேரும் என்றும் வயதைச் சரிபார்க்கும் வழி இல்லை என்றும் கூறி, அந்நாட்டுப் பயனர்களின் தரவைக் கையாளத் தடை விதித்தது. அதே மாதத்தில் நிறுவனம் காமவுரையாடலை அனைவர்க்கும் நீக்கியது. முன்னாள் இரவுவரை நெருங்கிப் பேசிய துணை மறுநாள் பேச்சை மாற்றித் தவிர்த்தது. தம் துணை இறந்துவிட்டதாகவே பலர் எழுதினர். ரெடிட் தளத்துப் பயனர் குழுவின் நெறியாளர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி விவரங்களை வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம், பிப்ரவரி தொடக்கத்துக்கு முன் பதிவுசெய்திருந்தோர்க்கு மட்டும் பழைய வடிவம் திருப்பித் தரப்பட்டது.

இந்நிகழ்வைக் கைக்கிளையாகவோ பிரிவாகவோ பெயரிட இயலாது. தலைவன் பிரிந்திலன், தலைவி மனம் மாறிலள். நிரலின் ஒரு வரி மாற்றப்பட்டது. மாற்றியவர் உறவின் தரப்பினர் அல்லர். ஆயின் அவ்வுறவில் கூறப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அவரிடமே சேமிப்பில் உள்ளது.

சட்டம் இவ்விழப்பைக் காணும் கண் பெற்றிலது. இந்தியச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954, திருமணத்தை ஆட்கள் இருவர்க்கிடையே நிகழ்வதாகவே கொள்கிறது. எந்திரன் ஆள் அன்று, பொருள். கோயில் மூர்த்தத்தைச் சட்டநிலை ஆளாக ஏற்கும் மரபு நம் நீதிமன்றங்களுக்கு உண்டெனினும், அவ்வேற்பு உடைமைகளைக் காப்பதற்காக அமைந்தது. அதனை இங்கு நீட்டிக்க இயலாது. தோடம் நீங்க வாழைக்குத் தாலி கட்டி அதனை வெட்டிவிடும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடுவாரும் உளர். அவ்வொப்பீடு பொருந்தாது. வாழையை எவரும் காதலிப்பதில்லை. வாழையும் மறுமொழி கூறுவதில்லை.

இந்நிலையில் எந்திரனுக்கு உரிமை வழங்குவது பற்றிய விவாதத்தினும், அதனைக் காதலிக்கும் மனிதர்க்கு உரிய காப்பு பற்றிய விவாதம் முந்தியது. சேவையை நிறுத்துமுன் எத்துணைக் காலம் முன்னறிவிக்க வேண்டும்? துணையின் குணத்தை மாற்றப் பயனரின் இசைவு வேண்டுமா? காதலுரையாக எழுதப்பட்ட பனுவல் வணிகத் தரவாகுமா? இத்தாலிய ஆணையம் 2025இல் ரெப்ளிகாவின் உரிமை நிறுவனத்துக்கு 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. தரவைக் கையாளுவதற்குரிய சட்ட அடிப்படையும் வயதுச் சரிபார்ப்பும் இல்லாமையே அதற்குக் காரணம். பிப்ரவரி 2023இல் துணையை இழந்தோர் அடைந்த துயரம் அவ்வாணையின் வரம்புக்குள் வரவில்லை.